கேட்காமல் போட்ட படம்

புத்தூரில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் செல்லக்கிளியின் அறை இருந்தது. ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. கதவில் என்ன எழுதியிருந்தாலும், வருகிறவர்கள் "டயட் மேடம் ரூம் எதுங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதுதான் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொல்வது அலுக்கவில்லை. சொன்னது வீடு போய்ச் சேராததுதான் அலுத்தது. ஆஸ்பத்திரி கொடுக்கும் உணவு அட்டவணை இங்கிலீஷில் இருக்கும். துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் வருகிறவர்கள் அதை மடித்து மாத்திரைப் பைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை வரும்போது மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். அதனால் அவள் தமிழில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'இன்னிக்கு என்ன பத்தியம்' என்று பெயர் வைத்தாள். கிட்னி நோயாளிக்குக் காயை எப்படி நறுக்கி, ஊறவைத்து, தண்ணீரை வடிப்பது, சர்க்கரை உள்ளவர் கல்யாணப் பந்தியில் எதை ஒதுக்குவது என்றெல்லாம், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி எழுதினாள்.

படிக்கத்தான் ஆளில்லை. லேபில் வேலை பார்க்கும் ஜஹானாரா காரணம் சொன்னாள்.

"எழுதறது நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா யாரு எழுதறாங்கன்னு தெரியணும்ல? ஃபேஸ்புக்ல, இன்ஸ்டால போடுங்க. உங்க மொகம் இருக்கணும். வெறும் வெண்டக்கா போட்டோவ யாரு பாப்பாங்க?"

செல்லக்கிளியிடம் ஃபேஸ்புக் கணக்கு ஒன்றுதான் இருந்தது. மகள் சுபஸ்ரீயின் பிறந்தநாள், லால்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அண்ணன் கட்டிய புது வீடு, கூடப் படித்த தோழிகள் எல்லாம் அதில்தான். அதிலேயே வலைப்பூவையும் போட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக் கோட்டோடு ஒரு படம் போட்டாள். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் அடுப்படியில், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ரசம் கூட்டுகிற படம் ஒன்றும் போட்டாள். அடுப்படிப் படத்துக்குத்தான் கூட்டம் வந்தது.

கூட்டம் வந்தபிறகு அவளுக்கு ஆஸ்பத்திரி எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் தன் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பி, "மேடம், அர்ஜென்ட், வாழைப்பழம் தரலாமா?" என்று கேட்டிருப்பார். பதில் போடாவிட்டால் மனசு உறுத்தும். போட்டால் அடுத்த கேள்வி வரும். சொந்தக்காரர் கல்யாணத்தில் அவள் ஜாங்கிரி தின்றதை யாரோ படமெடுத்து அவள் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். 'ஊருக்குத்தான் உபதேசமா மேடம்?' என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் இலையில் உட்காரும்முன் அக்கம்பக்கம் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நிர்வாகமும் கூப்பிட்டு, "கோட்டு போட்ட படம் வேண்டாம், எங்க பேரும் வேண்டாம், தனிப்பட்ட முறையில என்ன வேணா எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டது.

தனிப்பட்ட முறையில் என்றால் வீடுதானே மிச்சம்.

சுபஸ்ரீ முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "என் போட்டோ போட்ட, உன்கூடப் பேசமாட்டேன்மா. கிளாஸ்ல ஓட்டறாங்க." செல்லக்கிளி மகளின் பழைய படங்களைக்கூட எடுத்துவிட்டாள். கணவன் கலையரசனிடம் அவள் எதையும் கேட்கவில்லை. அவனுக்கு ஃபேஸ்புக் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் பஸ் ஓட்டுகிறான். போனில் அவனுக்குத் தெரிந்தது டிரைவர்களின் வாட்ஸப் குரூப் மட்டும்தான்.

கலையரசனுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். வேலை செய்யும் இடத்தில் சொல்லவில்லை. "சொன்னா வண்டியவிட்டு எறக்கிருவாங்க" என்பான். சொல்வதுதான் சரி என்று டயட் மேடத்துக்குத் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது என்று பொண்டாட்டிக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சு எழாமலே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியவனுக்கு, வழியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. வண்டியை ஓரங்கட்டி, பெட்டிக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டு, நிதானம் வந்தபிறகுதான் எடுத்தான். சாயங்காலம் வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னான்.

அதைக் கேட்ட பயத்தோடுதான் செல்லக்கிளி எழுதினாள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள் என்பதுதான் சொல்ல வந்த விஷயம். 'பேஷண்ட் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்' என்று தலைப்பு வைத்தாள். பஸ் ஓட்டுகிறவர் என்பதையும், வண்டியை ஓரங்கட்டியதையும் எழுதினாள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தாரோடு அவன் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு படத்தையும் சேர்த்தாள். அந்த நேரம் பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை என்பதை எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஜஹானாரா ஓடிவந்து, "மேடம், எங்க சித்தி வீட்டு குரூப்ல எல்லாம் சுத்துது" என்றாள். செல்லக்கிளிக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார் என்று நினைத்துக்கொண்டாள்.

அது பாலிடெக்னிக் மாணவர்களின் பெற்றோர் குரூப்புக்கும் போயிருந்தது. 'இவர்தான் நம்ம பிள்ளைங்க பஸ் டிரைவர்' என்று ஒருவர் படத்தை அடையாளம் கண்டுவிட்டார்.

கலையரசனிடம் பஸ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போக்குவரத்தைக் கவனிக்கும் ரங்கநாதன், "உங்க மிஸஸையும் ஒருதடவை வரச் சொல்லுங்க" என்றார். செல்லக்கிளி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். ரங்கநாதன் மரியாதை தெரிந்த மனிதர். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். கலையரசன் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேரன்ட்ஸ் போன் மேல போன். நான் என்ன பதில் சொல்றது?"

"அன்னிக்கு பஸ்ல பிள்ளைங்க யாரும் இல்லீங்க சார்."

"இவரும் அதைத்தான் சொல்றாரு. நீங்க எழுதினதுல அது இல்லியே." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஆஸ்பத்திரில இருக்கறவங்க. இதெல்லாம் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்க, இவரு வண்டி ஓட்டலாமா?"

இதே கேள்வியை வேறு ஒருவரின் மனைவி தன் அறையில் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பது செல்லக்கிளிக்குத் தெரியும். அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. கலையரசன் இப்போது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கும் ஆவலாக இருந்த மாதிரி இருந்தது.

"நான் அவரு சம்சாரம் சார். என்கிட்ட கேக்கக்கூடாது. டாக்டர் பாத்து எழுதித் தரட்டும். அதுவரைக்கும்..." நிறுத்தினாள். "அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம்."

வீடு திரும்பும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஸ்ரீரங்கம் வண்டிக்கு நிற்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அவருகிட்ட நீ சொன்னது சரிதான். அதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல."

"அப்புறம் ஏங்க இப்படி இருக்கீங்க?"

"நான் போய்ச் சொல்லியிருக்கணும். இன்னிக்கு இல்லன்னாலும் என்னிக்காவது நானே சொல்லியிருப்பேன். நீ என்னைக் கேக்கக்கூட இல்லியே. பாப்பா வேண்டாம்னதும் எல்லாத்தையும் எடுத்தல்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

வண்டி வந்தது, ஏறினார்கள்.

அன்றைக்கே அந்தப் பதிவை நீக்கிவிட்டாள். ஆனாலும் அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தென்னூரில் ஒரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, சில மாதங்கள் போகட்டும் என்றார். அதுவரை கலையரசனை டீசல் போடுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். மற்ற டிரைவர்கள் "என்னண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அவனும் சிரித்துவைப்பானாம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவான்.

ஜஹானாரா உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தாள். பழைய கணக்கைப் பூட்டி, வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்று வைத்தாள். வலைப்பூவுக்குத் தனிப் பக்கம் ஒன்று தொடங்கினாள். அதில் செல்லக்கிளியின் பெயரும் படிப்பும் இருந்தன. வீடு இல்லை, கணவன் இல்லை, அடுப்படி இல்லை. சட்டி, தட்டு, காய்கறி, ஒரு ஜோடிக் கை, அவ்வளவுதான். பரிசோதனை முடிவுகளை அனுப்பாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று மேலேயே போட்டுவைத்தாள்.

"பாக்கறவங்க பாதிகூட இல்ல மேடம்" என்றாள் ஜஹானாரா.

"பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்னாலும் மனசு சமாதானமாகவில்லை. கூட்டம் குறைந்ததில் நிம்மதியும் இருந்தது. யாருமில்லாத வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரியும் இருந்தது. சில வாரம் எழுதவே கை வராது. பிறகு யாராவது ஒரு நோயாளியின் மனைவி, மடிப்புக் கலையாத அட்டவணையோடு வந்து உட்காருவாள். அன்றைக்குச் செல்லக்கிளி எதையாவது எழுதிப் போடுவாள்.

சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகு கலையரசனுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. பெரிய பஸ் இல்லை, ஆசிரியர்களை ஏற்றிவருகிற வேன். மாதாமாதம் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. கொடுக்கிறான். காலையில் அவள் இட்லியை வைத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான். பேச்சுவார்த்தையும் பழையபடி ஆகிவிட்டது, ஏறக்குறைய. விசேஷ வீடுகளில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் மட்டும் எழுந்து கைகழுவப் போய்விடுவான். அவள் அதைப் பார்ப்பாள்.

போன வாரம் வேலை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் அருகில் வந்தாள்.

"நீங்க அந்தப் பத்தியம் மேடம்தானே? உங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு? சுகரு கொறஞ்சிச்சா?"

செல்லக்கிளி தோளில் கனத்த பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவரைப் பத்தி நான் வெளிய பேசறதில்லீங்க. உங்களுக்கு ஏதும் கேக்கணுமா?"

அந்தப் பெண் ஒரு கணம் சங்கடப்பட்டாள். பிறகு, தன் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பதாகவும், தண்ணீர் கேட்டு அழுவதாகவும் சொன்னாள். எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் கேட்கும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது என்றாள். அந்த அளவுக்குள்ளேயே கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லலாம், பெரிய டம்ளரை எடுத்துவைத்துவிட்டுச் சின்ன டம்ளரில் கொடுங்கள் என்று செல்லக்கிளி நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதற்குள் ஸ்ரீரங்கம் பஸ் ஒன்று வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைப் பையின் அடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.