அண்ணிக்குக் காட்டாத கேலரி

அண்ணி ஜூலை மாதத்தில் ஆக்லாந்துக்கு வந்தார். இங்கே அப்போது குளிர்காலம். உறவினரை அழைக்க அதைவிட மோசமான மாதம் கிடையாது. கடற்கரைக்குப் போனால் காற்று ஆளைத் தள்ளும், மலைக்குப் போனால் மேகம்தான் தெரியும். மீதி நேரமெல்லாம் மழை. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மாஸி என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இன்னும் வேலை கிடைக்காததால் அண்ணிக்கு ஊர் காட்டும் பொறுப்பு என்னுடையது. கூரைக்குக் கீழே காட்டக்கூடியவை என்று பார்த்தால் மியூசியங்கள்தான் இருந்தன.

அண்ணி என் கணவரின் அக்கா. கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பறைக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தம் போடாது என்று என் கணவர் சொல்வார். தம்பியை அவர்தான் படிக்க வைத்து இன்ஜினியர் ஆக்கினார். அந்தத் தம்பி இங்கே வந்து எத்தனையோ விண்ணப்பங்கள் அனுப்பியும் உள்ளூர் அனுபவம் இல்லையென்று எல்லாம் திரும்பி வந்துவிட, நகரத்திலிருந்த ஓர் ஓவியக் கேலரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காவிடம் போனில், "ஆர்ட் கேலரியில பொறுப்பில இருக்கேன்" என்றார். அதில் பொய் இல்லை. இரண்டு அறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. யாரும் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பதுதான் பொறுப்பு. கோட்டும் டையும் அணிந்து அவர் கிளம்பியதால் அண்ணிக்குச் சந்தேகமே வரவில்லை. பேட்ஜை மட்டும் பஸ் ஏறிய பிறகு குத்திக்கொள்வார்.

என் வேலை, அந்த ஒரு கட்டடத்தைத் தவிர மற்றதையெல்லாம் காட்டுவது.

முதலில் குன்றின்மேல் இருக்கும் பெரிய மியூசியத்துக்குப் போனோம். அண்ணி ஒவ்வொரு குறிப்பையும் விடைத்தாள் திருத்துவதுபோல் வாசித்தார். இந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் நீண்ட படகின் முன் வெகு நேரம் நின்றார். ஒரே மரத்தில் குடைந்தது என்றதும் கை தானாக நீண்டது. மூலையில் நின்ற காவலர் மெல்ல இருமினார். அண்ணி கையை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சும்மா நின்னு இருமுறதுக்கும் ஒரு ஆளாமா இங்கே?"

நான் படகைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

அடுத்தது துறைமுகத்தருகே இருந்த கப்பல் மியூசியம். அந்தக் காலத்தில் குடியேற வந்தவர்கள் படுத்த அறையை அங்கே அப்படியே கட்டி, தரையும் அலையில் ஆடுவதுபோல் செய்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் விமானத்தில் அலுங்காமல் வந்த அண்ணி, அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தேன். இப்படித்தான் வந்திருப்பார்கள் என்றால் இவர்கள் திரும்பிப் போகாததில் ஆச்சரியமே இல்லை என்றார். பழைய டிராம்கள் ஓடும் மியூசியத்துக்கும் போனோம். அங்கே டிக்கெட் கிழித்த கிழவரின் சட்டை மடிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு மாலையும் தம்பியின் கேலரிக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். ஒருநாள் என் கணவர், இப்போது அங்கே பெயின்ட் அடிக்கிறார்கள் என்றார். படங்களுக்கா என்று அண்ணி கேட்டார். சுவருக்கு என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகக் குளிக்கப் போனார்.

இரண்டாவது வாரம் அண்ணிக்குக் குளிர்கோட்டு வாங்க நகரத்துக்குப் போனோம். கடையை விட்டு வெளியே வந்ததும் மழை வாளியால் கொட்டியதுபோல் இறங்கியது. நான் குடையை விரிப்பதற்குள் அண்ணி எதிரில் தெரிந்த படிகளில் விறுவிறுவென்று ஏறிவிட்டார். அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடினேன். கட்டணம் இல்லாத இடமென்பதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. பெயின்ட் வாசனை எங்கும் இல்லை.

இரண்டாவது அறையில் மாவோரி முதியவர்களின் உருவப்படங்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் படத்தின் அருகே என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவரும் படமாகிவிட்டார். அண்ணியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு கிழவியின் படத்துக்கு நேரே போனார். முகத்தில் பச்சை குத்தியிருந்த கோடுகளைப் பார்க்கப் பார்க்க மூக்கு கிட்டே போனது, பிறகு விரலும் போனது. என் கணவரின் முகத்தில் தம்பியும் காவலரும் சண்டை போடுவது எனக்குத் தெரிந்தது. காவலர் ஜெயித்தார்.

"ப்ளீஸ் ஸ்டெப் பேக், மேடம்."

அண்ணி ஓரடி பின்னால் வைத்தார். அவர் தம்பி சொல்லி எதையாவது செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பேட்ஜைப் படித்தார், ஷூவைப் பார்த்தார், மறுபடி பேட்ஜைப் படித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இதான் உன் வேலையா தம்பி?"

"ஆமாக்கா. இந்த ரூமும் அடுத்த ரூமும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

என் கணவரின் கண் கலங்கியது. அண்ணி தம்பியின் டையைச் சரிசெய்தார்.

"நிக்கிற வேலைன்னா நிமிர்ந்து நிக்கணும். கூன் போட்டுக்கிட்டு நிக்கிறே."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி நகரவில்லை. இந்தக் கிழவி யார் என்று கேட்டார். மாதக்கணக்காக அந்த முகங்களோடு நின்றவர் அல்லவா, என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். யார் எந்தக் குலம், யாருடைய சந்ததியினர் இன்றும் வந்து படத்தின் முன் நின்று பேசிவிட்டுப் போவார்கள், எந்த நேரத்து வெளிச்சத்தில் எந்தக் கண் உயிரோடு இருப்பதுபோல் தெரியும் என்றெல்லாம். அவர் இத்தனை பேசி நானே கேட்டதில்லை.

அப்போது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆசிரியை பின்தங்கிவிட்டிருந்தார். ஒருவன் இன்னொருவனைத் தள்ள, அவன் படத்தை நோக்கிச் சாய்ந்தான். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி இரண்டு முறை கை தட்டினார். பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். இரண்டு வரிசையாக நிற்க வேண்டும், கைகள் பின்னால், வாய் மூடியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாம் நடந்தது. பிறகு, சற்று முன் கேட்டதையெல்லாம் ஒன்றும் விடாமல் அவர்களுக்குச் சொன்னார். மூச்சிரைக்க வந்த ஆசிரியை, கேலரி ஊழியர் என்று நினைத்து அண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அண்ணியும் மறுக்கவில்லை. வாசலில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், அந்த அம்மா யார் என்று என் கணவரிடம் கேட்டார். அக்கா என்றதும், எத்தனை நாள் இருப்பார் என்று ஆவலோடு விசாரித்தார்.

அந்த வாரம் முழுக்க அண்ணி தம்பியோடு பஸ் ஏறினார். அவர் ஓர் அறையில் நின்றால் இவர் அடுத்த அறை பெஞ்சில். படத்துக்குக் கிட்டே போகிற யாரும் அண்ணியின் இருமலிலிருந்து தப்பவில்லை. மதியச் சாப்பாட்டை இருவரும் பின்பக்கப் பூங்காவில், மழை விட்டால் மரத்தடியில், உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு இரண்டு டப்பா கட்டும் வேலை மட்டும் மிஞ்சியது.

அடுத்த வருடம் என் கணவருக்கு நகரத்துக்கு வடக்கே ஆல்பனியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. சாக்கடைக் குழாய்களின் பிரிவு. சம்பளமும் நன்றாக இருந்தது. அன்றே கிள்ளானுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார்.

"அந்தக் கிழவியை அப்போ யாரு பாத்துக்குவாங்க?" என்றார் அண்ணி.