கம்ப்யூட்டருக்குள் போன வாத்துகள்

பிள்ளைகளே, நாகமலை புதுக்கோட்டையில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தபோது, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஒருவர் என்னிடம்தான் சைக்கிள் எடுப்பார். ஒல்லியான ஆள். டீக்கடையில் தண்ணீர் கொடுத்தாலும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் உரச்சத்து கூடினால் பாசி பெருகும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். பாசி எப்போது பெருகும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போடுவது அவர் வேலை. முதலில் எங்கள் கண்மாயில் சோதித்தார்.

"இங்க சரியா வந்தாத்தாண்ணே அங்க மீன் பிடிக்கிறவங்களுக்குச் சொல்ல முடியும். பங்குனியிலதான் பச்சையாகும், பாருங்க" என்றார்.

மாசியிலேயே கண்மாய் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. நானும் அவரோடு போனேன். முகம் வாடிக் கரையில் நின்றார். எதிர்க்கரையில் வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய வாத்துக் கூட்டத்தை மேயவிட்டிருந்தார். அதைக் கண்டதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாத்து எச்சமும் உரந்தாண்ணே. எங்கணக்குல வாத்தே இல்ல."

எனக்கும் வாத்துக்காரருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சில நாள் கழித்து, வாத்துக்காரர் என் கடையில் நின்றபோது இவர் ஓடி வந்தார்.

"கணக்குச் சரியா வருதுண்ணே. இவுக வாத்து அம்புட்டையும் கம்ப்யூட்டருக்குள்ள விட்டுட்டேன்."

வாத்துக்காரர் பதறிப்போனார்.

"யாரக் கேட்டுய்யா விட்டீக?" என்று கண்மாய்க்குப் போய் வாத்துகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

தப்பாய்ப் போன கணக்கைப் பார்த்து அப்படிச் சிரித்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. வாத்துகள் எப்படி உள்ளே போயின என்பதுதான் எனக்கும் இன்னும் விளங்கவில்லை.