மலையும் கடலும் ஒரே படத்தில்

சைகோனில் போட்டோக் கடை வைத்திருக்கிறேன். மலையும் கடலும் ஒரே படத்தில் விழும் இடம் தேடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோர ஊரான வுங் டாவின் குன்றில் ஏறினேன். துணைக்கு வந்தவர் பக்கத்து ஜவுளிக்கடை மீரான் நானா, காரைக்கால்காரர்.

"மலைக்கு வேட்டியா? பாந்தலோன் மாட்டிக்கிட்டு வாங்க" என்று கிளம்பும்போதே சொன்னார். கால்சட்டை எனக்குப் பழக்கமில்லை; நான் கேட்கவில்லை.

உச்சியில் முக்காலியை நிறுத்தி, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில், எப்போதும்போல, மலையும் கடலும் தலைகீழாகத் தெரிந்தன. அங்கிருந்த கலங்கரை விளக்கம் மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டது. விடுவேனா? தலையை வெளியே எடுக்காமலே முக்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நகரப் போனபோது யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க நானா!" என்று கத்தினேன்.

"நான் இங்கதானே நிக்கிறேன்!" பதில் தூரத்திலிருந்து வந்தது.

துணியை விலக்கிப் பார்த்தேன். வேட்டி ஒரு முட்செடியில் மாட்டியிருந்தது. என் குதிகாலுக்குப் பின்னால் தரையே இல்லை. வெகு கீழே பாறையில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

முள்ளிலிருந்து வேட்டியை எடுத்துவிட்டு, வேறு பக்கம் முக்காலியை வைத்துப் படத்தை எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் என் முதுகுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணிக்குள் தலையை விடுகிறேன். வேட்டியை மட்டும் மாற்றவில்லை. நானாவும் பாந்தலோன் பேச்சை எடுப்பதில்லை.