எழிலன் காரியத்தில் திறக்காத ஹார்ட் டிஸ்க்

கௌசரை அடித்து யாரும் ஒரு வேலையும் வாங்கியதில்லை. புருஷன் அடித்துப் பார்த்தான். இடது காது கேட்காமல் போனதுதான் மிச்சம். அவனை வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். வளையலை விற்றுப் பழைய ஆப்பிள் லேப்டாப் ஒன்று வாங்கினாள். பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதென்றால் இன்றைக்கு அவள்தான். யார் வந்தாலும் முதலில் டீ கொடுப்பாள், பிறகுதான் சண்டை போடுவாள்.

அந்தப் பக்கத்து வீடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீடியோவைக் கொடுத்த கையோடு மெஷினிலிருந்து துடைத்துவிட வேண்டும். மணப்பெண் சிரிக்கிற இடத்தில் பாடை கிடக்கலாமா என்பார்கள். கிடப்பது தெரிந்தால் கல்யாண வீட்டார் அடுத்த முறை வாசற்படி ஏறமாட்டார்கள். எழிலன் வீடியோவையும் கௌசர் அப்படித்தான் துடைத்தாள்.

எழிலனை எண்ணூர் நெடுஞ்சாலை டீக்கடை வாசலில் பட்டப்பகலில் வெட்டினார்கள். கிளாஸைப் பிடித்திருந்த கை, கிளாஸோடு சேர்ந்தே கீழே விழுந்தது. தடுக்க வந்த டீ மாஸ்டருக்கும் முதுகில் ஒரு வெட்டு. அண்ணன் சுப்புராஜ் மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தம்பியின் கழுத்தைத் துண்டால் இறுக்கிச் சுற்றித்தான் தூக்க முடிந்தது. சவ ஊர்வலத்தில் மேளமும் பட்டாசுமாய் ரோடு அடைத்துப்போனது. போகிற வழியில் வெட்டியவனின் மாமன் கடையை உடைத்து நொறுக்கிவிட்டுத்தான் சுடுகாட்டுக்கே போனார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவில் திரை கட்டி, அந்த ஊர்வல வீடியோவைப் போட்டே ஆகவேண்டும் என்று கௌசரிடம் வந்து நின்றான் சுப்புராஜ். "எவ்ளோ ஜனம் வந்துச்சுன்னு வெட்னவன் ஆளுங்களும் பாக்கட்டும் யக்கா. பாத்துட்டு வவுறு எரியட்டும்."

அம்மா சொக்கம்மாள் தனியாக வந்தாள். நொறுங்கிப்போன எழிலன் போனிலிருந்து எடுத்த மெமரி கார்டை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். கௌசர் மல்லுக்கட்டித் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு துண்டு வீடியோப் படம் தேறியது: படகில் நின்று எழிலன் சிரிக்கிறான். அதை எடுத்த பிறகு கார்டு மறுபடி திறக்கவேயில்லை. ஊர்வலத்தோடு அதையும் தனி ஃபைலாக ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து, தன் மெஷினில் இரண்டையும் துடைத்துவிட்டாள்.

காரியத்தன்று பொழுது சாய்கிற நேரம். திரை கட்டுகிற ஷாகுல் ஹமீது போன் செய்தான்.

"யக்கா, உன் டிஸ்க்கு என் லேப்டாப்ல ஓப்பன் ஆவல. ஃபார்மேட் பண்ணட்டான்னு கேக்குது. பண்ணிடவா?"

"கைய எடுறா பாவி! அத அமுக்குனா அத்தினியும் பூடும். நான் வரேன், தொடாத!"

தவறு அவளுடையதுதான். அவளுடைய மெஷின் தன் பாணியில் அறை பிரித்து வைத்த டிஸ்க் அது. ஷாகுலின் லேப்டாப் விண்டோஸ். அதற்கு அந்த அறைகள் தெரியாது. தெரியாததைக் காலி என்று நினைத்து, கழுவிவிடட்டுமா என்று கேட்கிறது. அவளிடம் வேலை கொடுக்கிற ஸ்டூடியோக்களில் எல்லாம் ஆப்பிள் என்பதால் பழக்கத்தில் அப்படியே கொடுத்துவிட்டாள்.

ஆட்டோவை விட்டு ஒரு கால்தான் இறங்கியிருக்கும். சுப்புராஜின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது.

"காலி டிஸ்க்க குட்த்து என்னைக் கேணயனாக்குறியா? அவனுங்க கிட்ட எவ்ளோ வாங்கின?"

"அட்ச்சு முட்சியா நைனா? அந்த டிஸ்க்க குடு. தொறந்து காட்றேன்."

"இந்தா, பொறுக்கிக்கோ!" டிஸ்க்கைச் சுவரில் ஓங்கி எறிந்தான்.

கௌசர் குனிந்து எடுத்தாள். ரத்தத்தை முக்காட்டில் துடைத்துக்கொண்டு தன் லேப்டாப்பில் சொருகினாள். உள்ளே டக், டக் என்று நகத்தால் தட்டுகிற சத்தம். ஆனாலும் திறந்தது. ஊர்வலம் இருந்தது, எழிலன் இருந்தான்.

ஷாகுல் எட்டிப் பார்த்தான். "கீதுப்பா! அல்லாம் உள்ளதான் கீது. நம்ம லேப்டாப்புக்குத்தான் கண்ணு தெரியல."

திரைக்குப் போகிற ஒயர் அவளுடைய மெஷினில் பொருந்தவில்லை. இரண்டு மெஷினுக்கும் தெரிகிற பென் டிரைவ் ஒன்றை ஷாகுலிடம் வாங்கிச் சொருகினாள். தட்டுகிற சத்தம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது.

"டிஸ்க்கு சாவுது. நீ எறிஞ்சதுல அடி பட்டுக்கிச்சு. ஒண்ணுதான் தேறும்," என்றாள். "எது வோணும்?"

"ஊர்வலம்," என்றான் சுப்புராஜ்.

"என் புள்ள சிரிக்கிறது," என்றாள் சொக்கம்மாள். "பொணத்த நான் பாத்துட்டேன் கண்ணு."

சுப்புராஜ் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். "ஊர்வலத்தப் போடு. இல்லன்னா இங்கியே கொடல உருவிடுவேன்."

"உருவு," என்றாள் கௌசர். "கார்ட முந்தானைல முடிஞ்சினு வந்தது நீயா, உங்கம்மாவா?"

சிரிக்கிற படத்தைப் பென் டிரைவுக்கு அனுப்பப் பட்டனை அமுக்கினாள். கத்திப் பிடி அவள் கைமேல் இறங்கியது. இரண்டு விரல்கள் முறிகிற சத்தம் அவளுடைய நல்ல காதில் கேட்டது. அலறினாள், ஆனால் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். முதுகில் உதைத்தான். விலாவில் உதைத்தான். டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிப்போனது. அதற்குள் துண்டுப் படம் பென் டிரைவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுபடி கத்தியை ஓங்கினான். சொக்கம்மாள் குறுக்கே பாய்ந்து வெறுங்கையால் அலகைப் பிடித்தாள். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. "என்னைக் குத்துடா! ஒண்ணப் பறிகுட்த்தது பத்தலயா?"

கௌசர் கிடந்தபடியே பென் டிரைவைப் பிடுங்கி ஷாகுல் பக்கம் நீட்டினாள். அவன் அதைத் தன் லேப்டாப்பில் சொருகினான். திரை வெளுத்தது.

எழிலன் படகில் நின்று கடல் தண்ணீரை அள்ளி அம்மாமேல் தெளித்தான். "பேமானி, நனையுதுடா!" என்று அம்மா திட்டினாள். படம் பிடிக்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. அது சுப்புராஜின் சிரிப்பு.

கத்தியை அம்மாவின் கையில் விட்டுவிட்டு அவன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடித்து உடைத்தான். ஒருவரும் தடுக்கவில்லை. உடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது ரோட்டில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

சொக்கம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஷாகுலு," என்றாள், "இன்னொரு தபா போடு நைனா."