மேலே பார்த்த அம்பு

மாலதி விளக்கை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார். குமிழி வரவில்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அமுக்குகிறார். அந்த நேரத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் "செத்த சும்மா இருங்க" என்று அதட்டல் விழும். எனக்கும் விழுந்தது.

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு விளக்குகளுக்குள் தண்ணீர் புகாமல் அடைத்துக் கொடுப்பது இவர் வேலை. இற்றுப்போன ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறிவார். உப்பைச் சுரண்டுவார். புது வளையம் வைத்து, விளிம்பு முழுக்கப் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்துவிடுவார். அடியில் மட்டும் ஓர் ஊசித்துளை. "எரிஞ்சா சூடாவுது, மேல அல அடிச்சா உள்ள வேர்க்குது. அந்தத் தண்ணி எறங்க வழி வேணாமா?" வாளியில் அமுக்கும்போது அந்தத் துளையை விரலால் பொத்திக்கொள்வார்.

குறிஞ்சிப்பாடியில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஒயரிங் படித்து, கல்யாணமாகி முதுநகருக்கு வந்தவர். இத்தனை படகுகளின் விளக்கைத் தொட்டவர், ஒரு விசைப்படகிலும் கால் வைத்ததில்லை. பெண் ஏறினால் மீன் படாது என்று இவரிடம் வரும் படகுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவர்களே விளக்கைக் கழற்றி வருவார்கள், அவர்களே கொண்டுபோய் மாட்டுவார்கள்.

"படகிலேயே ஏறியதில்லையா?" என்று கேட்டேன்.

"பிச்சாவரத்துல துடுப்பு போட்டுல ஏறுனேன். அதுல லைட்டே இல்ல" என்று சிரித்தார். பிறகு பசைக்குழாயின் மூடியைத் திருகியபடி சொன்னார்: "கடலுக்கு நடுவுல எரியறப்ப எப்புடி இருக்கும்னு ஒரு தடவ பாத்துடணும் சார். கரையிலேருந்து பாத்தா எது நான் அடச்சதுன்னே தெரியல."

அப்போது படகுக்காரர் உத்திராபதி ஒரு விளக்கை ஆட்டிக்கொண்டே வந்தார். உள்ளே பாதித் தண்ணீர்.

"என்னாம்மா அடச்ச நீ? நடுக்கடல்ல பொட்டுனு போயிடுச்சி."

மாலதி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓட்ட மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா மாமா?"

உத்திராபதிக்குத் தெரியவில்லை. விளக்கை மாட்டிய பக்கிரி படகில் நின்றான்; அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "மேலதான்!" என்று பெருமையாகப் பதில் வந்தது.

"வானத்தப் பாத்து வெச்சா தண்ணி உள்ளதான் போவும். நானே ஏறி மாட்டிக் குடுக்குறேன் மாமா. ஒரே ஒரு தடவ." கேட்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார்.

உத்திராபதி படகைப் பார்த்தார், பக்கிரியைப் பார்த்தார். "நீ ஏம்மா செரமப்படுற? மேல எதுன்னு ஒரு அம்பு போட்டுக் குடு, போதும்."

மாலதி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விளக்கைத் துடைத்து, மறுபடி அடைத்தார். கைப்பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்து, விளக்கின் தலையில் சிவப்பாக ஓர் அம்பு வரைந்தார். காயும்வரை வாயால் ஊதினார்.

மறுநாள் மதியம் படகு கிளம்பத் தயாரானது. விளக்கு சரியாக மாட்டியிருந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் மாலதி கரையில் சிமெண்டுத் தளத்தின் விளிம்புக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பக்கிரி கயிற்றை அவிழ்த்ததும் கையை நீட்டிப் படகின் பக்கப் பலகையைத் தொட்டார். படகு நகர நகர, தொட்ட கையை எடுக்காமல் கூடவே நடந்தார், சிமெண்டுத் தளம் முடியும்வரை.