கழுகின்மேல் சிவப்பு எழுத்து

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி அலுமாரியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "உது என்ன, சீதனச் சாமானோ?" என்பது. இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் இராணுவம் சாப்பிட்ட பீங்கான்கள். பதினேழு உருப்படி. ஒருமுறை ஒரு அன்ரி தட்டொன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுவஸ்திகா எல்லாம் போட்டிருக்கு, பூசைச் சாமான் கடையிலையோ வாங்கினது?" என்று கேட்டார். எங்கே தொடங்கி எதை விளக்குவது? "ஓம் அன்ரி" என்றேன்.

அந்த இராணுவத்தின்மேல் எனக்கு எள்ளளவும் மதிப்பில்லை. எந்த இராணுவத்தின்மேலும் இல்லை. காரணத்தை யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது பீங்கானின் அடிப்பக்கம். கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேரோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்துகொண்டு, ஒரு ஹோட்டல் நிலவறையில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினேன். மேல்பக்கம் சாப்பிடுகிறவனுக்கு. கழுவுகிறவனுக்கு அடிப்பக்கம். பொழுதெல்லாம் எச்சிலோடு நிற்கிறவனுக்கு வாசிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்: செய்த தொழிற்சாலை, நாடு, சிலவேளை வருடம். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனால் விருந்துக்குப் போனாலும் தட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இதனால் இரண்டு கலியாண வீட்டில் சட்டையில் கறி கொட்டியிருக்கிறது.

ஜெர்மன் இராணுவப் பீங்கான் இந்த விஷயத்தில் மகா ஒழுங்கு. தொழிற்சாலையின் முத்திரை, வருடம், அதற்குமேல் சுவஸ்திகாவைப் பிடித்தபடி சிறகு விரித்த பச்சைக் கழுகு. போலிகளும் அதே அளவு ஒழுங்கு. ஆகவே எடையைப் பார்க்க வேண்டும். கத்திக் கீறல் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிவளையத்தில் மெருகு இல்லாத விளிம்பு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றச் சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி, விளக்கு, பஞ்சில் அசிட்டோன் என்று அலைவார்கள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பெருவிரல் நகத்தால் முத்திரையை ஒருதரம் வருடுவேன். மெருகுக்கு அடியில் வைத்துச் சுட்டது நகத்தில் தட்டாது. பிறகு ஒட்டினது தட்டும். ஒன்பது வருடம் பீங்கான் தடவிய விரல் பிழைக்காது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும்.

எங்கள் சேகரிப்பாளர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை விட்பியில் ஒரு தேவாலய மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். நான் முதன்முதல் போனபோது, கதிரை அடுக்க வந்தவன் என்று நினைத்தார்கள். நானும் அடுக்கிக் கொடுத்தேன். இந்த வருடம் சங்கத் தலைவர் – ஓய்வுபெற்ற பல் வைத்தியர், தலை பஞ்சாக நரைத்த வெள்ளைக்காரர் – தொலைபேசியில் கூப்பிட்டு, சோதனை மேசையில் நான் உட்கார வேண்டும் என்று கேட்டார். சனம் தங்கள் பீங்கானைக் கொண்டுவரும். அசலா போலியா என்று நான் சொல்ல வேண்டும். என் கருத்தை ஒருவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை, வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கதிரை எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வாழ்க்கையில் வேறெந்தக் கதிரையும் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்ததில்லை. மேசையில் முன்மாதிரியாக வைப்பதற்கு என் சேகரிப்பிலேயே பெரியதைத் தெரிவுசெய்தேன்: மூடி போட்ட சூப் கிண்ணம். அசல் என்பதற்கு இரண்டு பக்கத்தில் நானே காரணம் எழுதி, தலைவருக்கும் அனுப்பிவிட்டேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. வியாழன் பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால், அலுமாரியில் ஒரு வெற்றிடம்.

"இஞ்சை இருந்த பெரிய கிண்ணம் எங்கை?" என்றேன் மனைவியிடம்.

"அஜின்கோர்ட்டிலை."

"அங்கை அது என்ன செய்யுது?"

"என்னோடை வேலை செய்யிற அக்காவின்ரை தாய் மோசம் போட்டா. செத்த வீட்டிலை சமைக்க மாட்டினமெல்லே, அதுதான் சொதி கொண்டு போனனான். வேறை பெரிய ஏதனம் ஒண்டும் இல்லை."

"அது மியூசியத்திலை வைக்கிற சாமானப்பா!"

"இருக்கட்டுமன். மூடி நல்ல இறுக்கம், காருக்கை ஒரு சொட்டும் ஊத்துப்படேல்லை. பயப்பிடாதேங்கோ, எழுத்துப் போட்டுத்தான் குடுத்தனான்."

இதைக் கேட்டபிறகுதான் பயந்தேன். எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: வெளியே போகிற ஏதனத்தின் அடியில் வீட்டு எழுத்து, அதாவது வீட்டுக்காரரின் முதலெழுத்து, இருக்க வேண்டும். ஊரில் பித்தளையிலும் எவர்சில்வரிலும் வெட்டுவார்கள். இங்கே நகப்பூச்சு. பத்து வீட்டுச் சட்டிகள் ஒரே குசினியில் குவியும்போது அதுதான் அடையாள அட்டை.

சனிக்கிழமை மத்தியானம் கிண்ணம் வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். திருப்பினேன். எங்கள் வீட்டு எழுத்து இரண்டும், நல்ல இரத்தச் சிவப்பில், சரியாகக் கழுகின்மேல்.

"அவ்வளவு இடம் கிடக்கு, உதிலைதான் எழுத வேணுமோ?"

"நடுவிலை போட்டால்தான் ஆக்களுக்குக் கண்ணிலை படும்."

சூளையில் சுட்ட முத்திரையை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பூச்சு மட்டும் போகும். மனைவி நகப்பூச்சு அழிக்க வைத்திருந்த அசிட்டோன் போத்தலையே எடுத்து, பஞ்சில் நனைத்து, முதலாவது எழுத்தைத் துடைத்தேன். பஞ்சில் சிவப்பு வந்தது. பிறகு பச்சை வந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன். கழுகுக்கு இடது சிறகு இல்லை. அது பஞ்சில் இருந்தது.

நான் அப்படியே குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். யாரோ ஒரு கெட்டிக்காரன் பழைய வெறுங் கிண்ணம் ஒன்றை எடுத்து, கழுகை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ் பூசியிருக்கிறான். என் பிழைக்காத விரல் மூன்று வருடமாக வார்னிஷைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கக் காரணம் வேறு.

"என்னப்பா, முகம் செத்த வீடு மாதிரிக் கிடக்கு?" மனைவி வந்தாள். சொன்னேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கிண்ணத்தை வாங்கி, ஒற்றைச் சிறகுக் கழுகையும் மிச்சமிருந்த தன் எழுத்தையும் பார்த்தாள்.

"நாங்கள் விட்டிட்டு ஓடி வந்த வீட்டிலை கரண்டி முதற்கொண்டு எல்லாத்திலையும் எழுத்து வெட்டிக் கிடந்தது," என்றாள். "ஆமி வந்து இருந்தவங்கள். ஒரு கரண்டி எண்டாலும் திரும்பி வந்ததோ? இது வந்திருக்கு. போலி எண்டால் இருந்திட்டுப் போகட்டும்."

பிறகு நான் அழித்த எழுத்தைத் திரும்ப எழுதி, காயும்வரை ஊதினாள். நான் அவள் பார்க்காதபடி வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றேன்.

ஞாயிறு காலை, மண்டபம் திறக்குமுன் தலைவரிடம் போய்க் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினேன். "போலி. நான் ஏமாந்தேன். எழுதி அனுப்பியதும் பிழை. மேசைக்கு வேறு ஆளைப் போடுங்கள்," என்றேன். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், பக்கத்தில் இருந்த கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன்.

அவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பல் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கதிரையை வாங்கி, சோதனை மேசைக்குப் பின்னால் போட்டார்.

"உட்காருங்கள். இதைக் கவிழ்த்து, போலிக்கு முன்மாதிரியாக முன்னால் வையுங்கள். அசிட்டோன் கொண்டுவந்தீர்களா?"

கொண்டுவந்திருந்தேன். உட்கார்ந்தேன்.

"இந்தச் சிவப்பு எழுத்து?" என்று கேட்டார்.

"அது அசல். சொந்தக்காரர் போட்டது. பொருள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று எங்கள் ஆட்கள் போடுவார்கள்."

"வருமா?"

"இது வந்தது," என்றேன்.