அய்யாக்கண்ணுவுக்கு எட்டில் சந்திரன்

பினாங்குப் பக்கம் ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கும் அய்யாக்கண்ணு தான் தோற்ற கதையைச் சொன்னால், அதில் எல்லோரும் இருப்பார்கள், அவர் மட்டும் இருக்க மாட்டார். துப்பாக்கி சுடும் கிளப்பில் மாநிலப் போட்டிக்கு ரிவால்வர் குழுவுக்கு ஆள் எடுத்தபோது மூன்று வருடம் வரிசையாகக் கோட்டை விட்டார். முதல் வருடம் சனி. இரண்டாம் வருடம் ராகு. மூன்றாம் வருடம் குரு பார்க்கவில்லையாம். தோட்டாவைப் பையிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவித் தடவி எடுத்துப் போடச் சொன்னது எந்தக் கிரகம் ஐயா என்று யார் அவரைக் கேட்பது? கேட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இந்த வருடம் விடுவதில்லை என்று மூன் கிளிப் வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய எஃகு வட்டம் அது, ஓரத்தில் எட்டு வெட்டு. எட்டுத் தோட்டாவின் அடியையும் அதில் மாட்டிவிட்டால் ஒரே கொத்தாகச் சிலிண்டருக்குள் இறங்கும். சுட்டு முடிந்ததும் வெற்றுக் கூடுகளும் ஒரே கொத்தாக வெளியே வந்து விழும். துப்பாக்கி கிளப்பின் பூட்டுக்குள்ளேயே இருப்பது, வீட்டுக்கு வராது. அதனால் பட்டறையில் ஓர் இரும்புக் கட்டையில் சிலிண்டர் மாதிரி எட்டுத் துளை போட்டு வாங்கி வந்து, பொய்த் தோட்டாக்களை வைத்து ஹாலில் உட்கார்ந்து இரண்டு மாதம் பழகினார். மனைவி வடிவம்மாளால் ஒரு நாடகம் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, வீடா இது, கார் பெங்கேலா? எந்நேரமும் டொக்கு டொக்குன்னு!"

"ஒன்பது செகண்டுல இருந்து மூணுக்கு வந்துட்டேன் வடிவு. நீ பேசாம இரு லா."

மூன்றுக்கு வந்தது உண்மைதான். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

குழுத் தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியா மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தவர், கை சும்மா இருக்காமல் ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் தூக்கிப் பார்த்தார். சந்திராஷ்டமம்: விருச்சிகம். ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் வந்து உட்காரும் நாள். அய்யாக்கண்ணு விருச்சிகம். சந்திராஷ்டமம் என்றால் விற்ற காரின் சாவியைக்கூட மறுநாள்தான் கொடுப்பார்.

"வடிவு! போச்சு, எல்லாம் போச்சு!"

"ஐயையோ, எந்தக் காரை மோதினீங்க?"

"எனக்கு எட்டுல சந்திரன்டி!" என்றவர் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தார். "பாரு, இதுக்குப் பேரே மூன். அதுல எட்டுத் தோட்டா. வேலியில போற ஓணான நானே புடிச்சு மடியில கட்டியிருக்கேனே!"

"அது வெறும் தகரங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

சனிக்கிழமை, கிளப்பில் போட்டிகளை நடத்தும் ஷஃபீக்கிடம் போய் ஸ்பீட் லோடரை இரவல் கேட்டார். அதுவும் எட்டுத் தோட்டாவை ஒன்றாகப் போடுவதுதான். ஆனால் உருண்டைக் கூடு, தலையில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால்தான் தோட்டாவை விடும்.

"இதோட பேர்ல கிரகம் எதுவும் இல்லயே தம்பி?"

"ஸ்பீட் லோடர்ல என்னண்ணே கிரகம்? ஆனா இதுல நீங்க பழகவே இல்லயே, நாளைக்குப் போட்டி."

"அத நான் பாத்துக்கிறேன்."

குழுவில் மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு அய்யாக்கண்ணுவும், பள்ளிக்கூட ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நோர்மாவும். மூன்று சுற்று. சுற்றுக்கு எட்டுத் தகட்டைச் சுட்டு வீழ்த்தி, தோட்டா மாற்றி, இன்னோர் எட்டை வீழ்த்த வேண்டும். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு இடம். நோர்மா வருகைப் பதிவேட்டில் முத்திரை குத்துவதுபோல அலட்டாமல் முடித்தாள். அய்யாக்கண்ணு குமிழைத் திருகினார். வியர்வையில் கை வழுக்கியது. ஏழு உள்ளே போனது, எட்டாவது கீழே விழுந்து நோர்மாவின் கால் சப்பாத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டு முடித்தபோது, முதல் சுற்றிலேயே நாலு விநாடி பின்னால்.

இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டார். "சொன்னேன்ல? சந்திரன் வேலையக் காட்டிட்டான். நான் வரேன், சோறு வையி."

வடிவம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "நல்ல வேளை, கூப்பிட்டீங்க. தைப்பிங்ல இருந்து உங்க அக்கா பேசினாங்க. உங்க ஐசி கார்டுல பொறந்த தேதின்னு இருக்கிறது உங்கப்பா போய்ப் பதிஞ்ச தேதியாம். நீங்க பொறந்தது அதுக்கு ஒரு வாரம் முந்தியாம். நீங்க விருச்சிகமே இல்லங்க. சிம்மம்."

"சிம்மமா?"

"சிம்மம்."

அய்யாக்கண்ணுவின் முதுகு தானாக நிமிர்ந்தது. பையின் அடியில் கைக்குட்டையில் சுற்றிக் கிடந்த மூன் கிளிப்புகளை எடுத்தார். உட்கார்ந்து ஒவ்வொரு வெட்டிலும் தோட்டாவை அழுத்தி மாட்டினார். அடுத்த சுற்றில் எட்டும் சொன்னபடி கேட்டு ஒன்றாக இறங்கின. வித்தியாசம் ஒன்றரை விநாடியாகக் குறைந்தது. கடைசிச் சுற்றில் அவர் கிளிப்பைப் போட்டு மூடிய வேகத்தைப் பார்த்து ஷஃபீக்கே வாயைப் பிளந்தான். கடைசித் தகடு சாய்ந்தபோது, மொத்தக் கணக்கில் அய்யாக்கண்ணு அரை விநாடி முன்னால். நோர்மா சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்தாள். ஷஃபீக் குழுப் பட்டியலில் அவர் பெயரை எழுதினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நன்றி சொல்ல அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் எங்கடா போன் பண்ணேன்?" என்றாள் அக்கா. "நீ பொறந்த மறுநாளே அப்பா ஓடிப்போய்ப் பதிஞ்சாரு. ஆம்பளப் புள்ளைன்னு கால் தரையில படல அவருக்கு. தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டு அய்யாக்கண்ணு அடுப்படிக்குப் போனார். வடிவம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"சனியப் பத்திக் கேட்டாச்சு, ராகுவக் கேட்டாச்சு, குருவையும் கேட்டாச்சு. இன்னும் ஒரு வருஷம் சந்திரனப் பத்திக் கேக்க என்னால முடியாதுங்க." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு மாசமா அந்தக் கட்டையோட நீங்க பட்ட பாட்ட நான்தானே பாத்தேன்? சோறு வையின்னு சொன்னீங்களே, மனசு கேக்கல."

அய்யாக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப இன்னிக்கு நெசமாவே எனக்கு எட்டுலதான் சந்திரனா?"

"ஆமா."

"சிம்மமும் இல்ல?"

"இல்ல."

"அப்ப அங்க நின்னு சுட்டது யாருடி?"

"நீங்கதான்," என்றாள் வடிவம்மாள். "வேற யாரு வந்தா?"